காக்கை வரும்வரை யார் காத்திருப்பது?



போன ஆடி அமாவாசை அன்று எங்கள் அக்கா மயங்கி விழுந்தது உங்களில் பலருக்குத் தெரியும். காலையிலேயே சர்க்கரை மாத்திரை போட்டுக்கொண்டார். படையல் முடிந்து காக்கை வந்து சோற்றைத் தொடும்வரை பச்சைத் தண்ணீர் பல்லில் படாமல் இருந்தார். பாகூரில் அன்று பகல் இரண்டு மணி ஆகியும் காக்கை வரவில்லை. நல்லவேளை, பிழைத்துக்கொண்டார். ஆஸ்பத்திரிக் கட்டிலில் படுத்துக்கொண்டே, "முன்னாடி சாப்பிட்டா பாவம்டா தம்பி" என்றார்.

அவருக்கு என்ன பதில் சொல்வது என்று யோசித்தபோது, சில வருடங்களுக்கு முன் கொச்சி மட்டாஞ்சேரியில் பார்த்த யூதர் ஜெபாலயம் நினைவுக்கு வந்தது. சடங்குக்கு முன் சாப்பிடலாமா என்ற கேள்வியை அவர்கள் பல நூற்றாண்டுகளாக அலசியிருக்கிறார்கள்.

யூதர்கள் நமக்குப் புதியவர்கள் அல்லர். ஏறத்தாழ கி.பி. 1000-இல் சேர மன்னன் பாஸ்கர ரவிவர்மன், ஜோசப் ரப்பான் என்ற யூதத் தலைவருக்கு 72 உரிமைகள் கொடுத்தான். அந்தச் செப்பேடு வட்டெழுத்தில் உள்ளது. மட்டாஞ்சேரி ஜெபாலயம் எழுந்தது 1568-இல். அதற்கு மூன்று ஆண்டுகள் முன்பு, 1565-இல், யோசேப்பு காரோ எழுதிய யூதச் சட்ட நூல் வெனிஸ் நகரில் அச்சானது. அதன் பெயர் 'ஷுல்ஹான் ஆரூக்'. 'உணவுக்கு ஆயத்தம் செய்த மேசை' என்று பொருள்.

அந்த நூல் சொல்வது இது. வெள்ளிக்கிழமை பொழுது சாய்ந்ததும் சாபத் என்னும் ஓய்வுநாள் தொடங்கும். திராட்சை ரசக் கிண்ணத்தைக் கையில் ஏந்தி 'கித்தூஷ்' என்ற வாழ்த்தைச் சொல்லும்வரை தண்ணீர்கூடக் குடிக்கக் கூடாது. அன்று பிற்பகல் மூன்று மணி வாக்கிலிருந்தே வழக்கமான சாப்பாட்டைத் தவிர்ப்பது நல்லது. ஏன்? பசியோடு உட்கார்ந்தால்தான் சாபத் விருந்து ருசிக்கும். சாபத் பட்டினி நாளே அன்று. அன்று மூன்று வேளை உண்பது கடமை.

விதி கடுமைதான். ஆனால் விலக்குகளையும் கவனியுங்கள். சனிக்கிழமை காலைத் தொழுகைக்கு முன் தண்ணீர் குடிக்கலாம். தொழுகை முடிந்த பிறகுதான் பகல் கித்தூஷ் கடமை வருகிறது. உடம்புக்கு மருந்தாக வேண்டுமென்றால் நோயாளி தொழுகைக்கு முன்பே உண்ணலாம். குழந்தைகளைப் பசியோடு காக்க வைக்கக் கூடாது என்று பின்னால் வந்த சட்ட அறிஞர்கள் எழுதினார்கள். உயிருக்கு ஆபத்து என்றால் சாபத் விதியே விலகி நிற்கும். திராட்சை ரசம் இல்லாதவர் வெள்ளி இரவு ரொட்டியை வைத்து வாழ்த்துச் சொல்லலாம். கொச்சி யூதர்கள் உலர்ந்த திராட்சையை ஊறவைத்து ரசம் எடுத்துச் சமாளித்தார்கள்.

நம் வில்லியனூர் மாதா கோயிலுக்குப் போகும் பெரியவர்களைக் கேட்டால் அவர்களும் ஒரு கதை சொல்வார்கள். நற்கருணை வாங்க நள்ளிரவு முதல் எதுவும் உண்ணக் கூடாது, குடிக்கக் கூடாது என்றிருந்தது. 1953-இல் போப்பாண்டவர் பன்னிரண்டாம் பயஸ் தண்ணீருக்கு அனுமதி கொடுத்தார். 1957-இல் உணவுக்கான தடை மூன்று மணி நேரமாகவும், 1964-இல் ஒரு மணி நேரமாகவும் குறைந்தது. இதனால் பக்தி குறைந்துவிட்டதா?

சடங்குக்கு முன் உண்ணாதே என்று சொன்ன பெரியவர்கள், யார் உண்ணலாம் என்பதையும் சேர்த்தே சொல்லியிருக்கிறார்கள். முதல் பாதியை மட்டும் பிடித்துக்கொண்டு இரண்டாம் பாதியை நாம் மறந்துவிடுகிறோம். முன்னோருக்கு முதல் கவளம் தருவது மரியாதை. அதற்காகப் பெற்ற பிள்ளை மயங்கி விழவேண்டும் என்று எந்த முன்னோர் கேட்பார்?

இதையெல்லாம் அக்காவிடம் சொன்னேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, "அப்போ காக்கைக்கு யாருடா காத்திருக்கிறது?" என்றார். யூதர் வீட்டில் ஒருவர் கித்தூஷ் சொன்னால், காது கொடுத்துக் கேட்கும் எல்லாருக்கும் அது சேரும். அதையே பதிலாகச் சொன்னேன்: "நான் காத்திருக்கிறேன் அக்கா. அது உனக்கும் சேரும்."

வருகிற மகாளய அமாவாசைக்கு மாத்திரையோடு இரண்டு இட்லி சாப்பிட ஒப்புக்கொண்டிருக்கிறார். உங்கள் வீட்டிலும் சர்க்கரைக்கு மாத்திரையோ ஊசியோ எடுத்துக்கொள்ளும் பெரியவர்கள் இருப்பார்கள். அவர்களிடம் நீங்களும் பேசுங்கள். காத்திருக்கும் வேலையை நீங்கள் வாங்கிக்கொள்ளுங்கள்.

அன்புடன்,
உங்கள் ஆசிரியர்,
பாகூர் கொம்யூன்