கொங்கு நாட்டில் ரோமானிய நாணயங்கள்

கொங்கு நாட்டின் வெள்ளலூர், கரூர், பொள்ளாச்சி ஆகிய ஊர்களில் ரோமானிய வெள்ளிக் காசுகள் புதையல்களாகக் கிடைத்துள்ளன. அவற்றில் பெரும்பாலானவை அகஸ்டஸ், டைபீரியஸ் ஆகிய பேரரசர்கள் வெளியிட்டவை. மேலைக் கடற்கரையிலிருந்து பாலக்காட்டுக் கணவாய் வழியே கிழக்கு நோக்கிச் சென்ற வணிகப் பாதை கொங்கு நாட்டைக் கடந்தது. மிளகு, முத்து, பச்சைக்கல் ஆகியவற்றை வாங்கிய, யவனர் எனப்பட்ட மேலைநாட்டு வணிகர் பொன்னும் வெள்ளியும் கொடுத்தனர். ஆண்டுதோறும் 5 கோடி செஸ்டர்ஸ் (ரோமானிய நாணய அலகு) இந்தியாவுக்குப் போவதாக 1ஆம் நூற்றாண்டில் ரோமானிய எழுத்தாளர் பிளினி வருந்தி எழுதினார்.

கொங்கு நாட்டுக்கு வெளியிலும் இத்தகைய காசுகள் கிடைத்துள்ளன. 1898இல் புதுக்கோட்டைப் பகுதியில் 501 ரோமானியப் பொற்காசுகள் வெளிப்பட்டன. பெரும்பாலான காசுகளில் பேரரசரின் தலைமீது உளியால் வெட்டிய தடம் உள்ளது. அவற்றை எடை பார்த்துப் பொன்னாகவே ஏற்றிருக்கலாம் என அறிஞர் கருதுகின்றனர். 4, 5ஆம் நூற்றாண்டுகளின் ரோமானியச் செப்புக்காசுகள் மதுரையிலும் இலங்கையிலும் கிடைப்பது, ரோமானிய வணிகத் தொடர்பு பிற்காலத்திலும் நீடித்ததற்குச் சான்று.