அஞ்சல் தடமறிதல்

அனுப்பிய கடிதமோ பார்சலோ எந்தக் கட்டத்தில் இருக்கிறது என்பதை அதற்குரிய எண்ணைக் கொண்டு இணையத்தில் பார்க்கும் ஏற்பாடு அஞ்சல் தடமறிதல். பேச்சுவழக்கில் ‘டிராக்கிங்’. இன்று வாடிக்கையாளர் வசதியாகத் தெரியும் இது, பொறுப்பை நிர்ணயிக்கும் கணக்காகவே தொடங்கியது. பொருள் தொலைந்தால், கடைசியாக அது யார் கையில் இருந்தது என்று சொல்லியாக வேண்டும்.

பிரிட்டனில் 1841-இல் பதிவு அஞ்சல் வந்தது. இந்தியாவிலும் கணினிக்கு முன்பு பதிவுத் தபால்கள் சாதாரணத் தபால்களோடு கலக்காமல் தனிப் பட்டியலில் எண்ணோடு எழுதப்பட்டு, கைமாறும் இடந்தோறும் கையெழுத்து வாங்கப்பட்டன. தடம் என்னவோ அப்போதும் இருந்தது. ஆனால் அது அஞ்சலகப் பதிவேடுகளுக்குள் கிடந்தது. புகார் எழுதிக் கொடுத்தால்தான் ஊர் ஊராக ஏடு புரட்டிப் பதில் வரும். பொதுமக்கள் கையில் இருந்தவை ரசீதும், கையெழுத்தோடு திரும்பி வரும் ஒப்புகை அட்டையும் மட்டுமே. வக்கீல் நோட்டீஸ் இன்றைக்கும் இப்படி எண் போட்டுப் போவதற்குச் சட்டக் காரணம் உண்டு: சரியான முகவரியிட்டு, கட்டணம் செலுத்திப் பதிவு அஞ்சலில் அனுப்பியது, மாறாக நிரூபிக்கப்படாத வரை போய்ச் சேர்ந்ததாகவே கொள்ளப்படும் என்கிறது 1897-ஆம் ஆண்டின் பொது வாசகங்கள் சட்டம், பிரிவு 27.

இந்தக் கணக்கை ஏட்டிலிருந்து கணினிக்கு மாற்றியதில் முன்னோடி, அமெரிக்காவின் மெம்ஃபிஸ் நகரிலிருந்து 1973-இல் விமானச் சேவையைத் தொடங்கிய ஃபெடரல் எக்ஸ்பிரஸ் (ஃபெடெக்ஸ்). முதல் இரவு 14 சிறு விமானங்களில் போனவை 186 பொட்டலங்கள். பொட்டலத்தைப் போலவே அதைப் பற்றிய தகவலும் விலைமதிப்புள்ளது என்பது நிறுவனர் ஃபிரெட் ஸ்மித்தின் கொள்கை. 1979-இல் ‘காஸ்மாஸ்’ என்ற மையக் கணினி அமைப்பு வந்தது. 1986-இல் ஊழியர் கையில் பார்கோடு படிக்கும் ‘சூப்பர் டிராக்கர்’ வந்தது. போட்டியாளரான யூ.பி.எஸ். 1991-இல், பெறுபவர் கையெழுத்தை மின்னணுப் பலகையிலேயே வாங்கத் தொடங்கியது. 1994-இல் ஃபெடெக்ஸ் தன் இணையதளத்தில் எண்ணை இட்டு நிலவரம் பார்க்கும் வசதியைத் திறந்தபோது, அதுவரை பெரும்பாலும் ஊழியர்களே பார்த்த பதிவேடு அனுப்பியவர் கண்ணுக்கும் நேரடியாகத் தெரிந்தது. இந்த வரலாற்றின் பெரிய திருப்பம் இதுதான். கருவிகள் எல்லாம் அதற்கு முன்பே தயாராக இருந்தன.

நாடு விட்டு நாடு போகும் தபாலுக்கு, 1874-இல் தோன்றிய உலக அஞ்சல் ஒன்றியம் பொதுவான 13 எழுத்து எண்ணை வகுத்திருக்கிறது. முதல் இரண்டு எழுத்துகள் சேவையைக் குறிக்கும்: ‘இ’யில் தொடங்கினால் விரைவு அஞ்சல், ‘ஆர்’ என்றால் பதிவு அஞ்சல், ‘சி’ என்றால் பார்சல். கடைசி இரண்டு, அனுப்பிய நாடு: இந்தியாவுக்கு ஐ.என்., இலங்கைக்கு எல்.கே., மலேசியாவுக்கு எம்.ஒய். நடுவில் ஒன்பது இலக்கங்கள். அவற்றில் கடைசி இலக்கம் ஒரு காவல்காரன். 12345678 என்ற எண்ணை எடுத்துக்கொள்வோம். இலக்கங்களை முறையே 8, 6, 4, 2, 3, 5, 9, 7 ஆகியவற்றால் பெருக்கிக் கூட்டினால் 204. அதை 11-ஆல் வகுத்தால் மீதி 6. 11-இலிருந்து 6 போக 5. ஒன்பதாவது இலக்கம் அதுதான். (கழித்து 10 வந்தால் 0, 11 வந்தால் 5.) அவசரத்தில் ஓர் இலக்கத்தை மாற்றி அடித்தால் பெரும்பாலும் அங்கேயே பிடிபட்டுவிடும்.

இந்தியாவில் விரைவு அஞ்சல் 1986 ஆகஸ்ட் 1-இல் தொடங்கியது. 1972-இல் வந்த ஆறு இலக்க பின்கோடு, தபாலைப் பிரிக்கும் வேலையை ஏற்கெனவே எளிதாக்கியிருந்தது. இணையத் தடமறிதல் பின்னால் சேர்ந்தது. அதில் பலரைக் குழப்புவது, இரண்டு நாள் ஒரே வரி அசையாமல் நிற்பது. மதுரையில் பதிவான உறை, மற்ற உறைகளோடு ஒரு பைக்குள் போகிறது. ஒவ்வோர் உறையின் எண்ணும் பையின் தனி எண்ணோடு கணினியில் இணைக்கப்படுகிறது. வாய் கட்டிய பிறகு வழியில் ஸ்கேன் ஆவது பை மட்டுமே; டெல்லியில் அதைப் பிரிக்கும்போதுதான் உறைக்கு அடுத்த வரி விழும். ஆகவே நிற்பது தபால் அல்ல, பதிவு. திரையில் தெரிவது கடைசியாக ஸ்கேன் ஆன இடமே. உணவு, மளிகைச் செயலிகளில் வண்டியே வரைபடத்தில் நகர்வதைப் பார்த்துப் பழகியவர்கள் தபாலிலும் அதையே எதிர்பார்க்கிறார்கள். அது ஜி.பி.எஸ். சார்ந்த வேறு ஏற்பாடு.

‘பட்டுவாடா ஆனது’ என்று திரை சொல்ல, வீட்டில் எதுவும் வந்திருக்காது. பழைய கையெழுத்துத் தகராறின் புதிய வடிவம் இது. ஓ.டி.பி. சொன்னால்தான் பொருள் கைக்கு வரும் என்ற முறை இதற்காகவே வந்தது. 2025-இல் இந்திய அஞ்சல் துறை பதிவு அஞ்சலை விரைவு அஞ்சலோடு இணைத்தது. பதிவு என்பது இப்போது விரைவு அஞ்சலில் கூடுதல் கட்டணம் செலுத்திப் பெறும் வசதி, ஓ.டி.பி. பட்டுவாடாவும் அப்படியே.

தடமறிதல் பரவியதும் மோசடிக்காரர்களுக்கும் வழி பிறந்தது. பார்சல் கிடங்குக்கு வந்துவிட்டது, முகவரி முழுமையாக இல்லை, உடனே திருத்தாவிட்டால் திருப்பி அனுப்பப்படும் என்று அஞ்சல் துறை பெயரில் குறுஞ்செய்தி வரும். இணைப்பைத் தொட்டால் வங்கி அட்டை விவரம் கேட்கும். முகவரியைத் திருத்தச் சொல்லி அஞ்சல் துறை இப்படிச் செய்தி அனுப்புவதில்லை என்று மத்திய அரசின் பத்திரிகைத் தகவல் அலுவலகம் விளக்கமளித்துள்ளது. ரசீதில் உள்ள எண்ணைத் துறையின் தளத்தில் நாமே அடித்துப் பார்ப்பதே சரியான வழி.