கேப்டனும் தரைப் பணியாளரும்: விமானப் பயணத்தில் அதிகாரப் பகிர்வு

ஒரு பயணிகள் விமானம் எப்போது கிளம்பலாம், எவ்வளவு எடை ஏற்றலாம், யாரை ஏற்றலாம், யாரை இறக்கலாம் என்ற முடிவுகள் தலைமை விமானியான கேப்டனுக்கும் தரையில் வேலை பார்ப்பவர்களுக்கும் இடையே பங்கிடப்பட்டுள்ளன. செக்-இன் கவுன்ட்டர் ஊழியர், போர்டிங் கேட் மேற்பார்வையாளர், சரக்கு ஏற்றுவோர், எடைக் கணக்குப் பார்ப்பவர், பராமரிப்புப் பொறியாளர், பயணத் திட்டம் போடும் டிஸ்பாட்சர் ஆகியோர் தரைப் பணியாளரில் அடங்குவர். விமானத்தில் கேப்டன் வைத்ததே சட்டம் என்று பலரும் நினைக்கிறார்கள். அது பாதி உண்மைதான். கேப்டனிடம் இருப்பது பெரும்பாலும் மறுக்கும் அதிகாரம். எதையும் 'முடியாது' என்று அவர் நிறுத்திவிடலாம். தரையில் உள்ளவர்களின் கையெழுத்து இல்லாமல் தாமாக விமானத்தைக் கிளப்ப அவரால் ஆகாது.

சட்டப்படி இந்த அதிகாரத்துக்கு எல்லைக்கோடு விமானத்தின் கதவு. 1944ஆம் ஆண்டின் சிகாகோ உடன்படிக்கையின் 2ஆம் இணைப்பு, விமானம் கேப்டனின் பொறுப்பில் இருக்கும்வரை அதைப் பற்றிய இறுதி முடிவு அவருடையதே என்கிறது. கதவுகள் மூடப்பட்டதும் உள்ளிருக்கும் பயணிகள், ஊழியர்கள், சரக்கு ஆகியவற்றின் பாதுகாப்புக்கு அவரே பொறுப்பு என்பது 6ஆம் இணைப்பு. 1963இல் கையெழுத்தாகி 1969இல் நடைமுறைக்கு வந்த டோக்கியோ உடன்படிக்கையும் இதே கோட்டைத்தான் போடுகிறது. பயணிகள் ஏறியபின் வெளிக்கதவுகள் எல்லாம் மூடப்பட்டது முதல், இறங்குவதற்காக ஒரு கதவு திறக்கப்படும்வரை, ரகளை செய்பவரைக் கட்டிவைக்கவும், இறங்கும் இடத்தில் போலீசிடம் ஒப்படைக்கவும் கேப்டனுக்கு உரிமை உண்டு. இந்தியா இதற்கென 1975இல் தனிச்சட்டம் இயற்றியது.

கதவு மூடுவதற்கு முன் நடப்பதெல்லாம் கையெழுத்துகளின் வேலை. விமானம் பறக்கத் தகுதியானது என்று பராமரிப்புப் பொறியாளர் சான்றளிக்க வேண்டும். எந்தெந்தக் கருவி பழுதாக இருந்தாலும் பறக்கலாம் என்பதற்குப் பட்டியல் உண்டு. பட்டியல் அனுமதித்தாலும், இன்றைய வானிலையில் இந்தப் பழுதோடு போக மாட்டேன் என்று கேப்டன் சொல்லலாம். பட்டியல் அனுமதிக்காததை மீறிப் பறக்க அவருக்கு உரிமை இல்லை. பயணிகள், பெட்டிகள், எரிபொருள் எல்லாவற்றின் எடையும் சமநிலையும் அடங்கிய லோட்ஷீட்டைத் தரையில் ஒருவர் தயாரிக்கிறார், கேப்டன் ஏற்றுக்கொள்கிறார். அமெரிக்காவில் இது இன்னும் ஒருபடி மேல்: பயணத் திட்டத்துக்கு டிஸ்பாட்சரும் கேப்டனும் கூட்டாகப் பொறுப்பேற்க வேண்டும் என்பது விதி.

புஷ்பேக் நேரத்தில் இந்தப் பங்கீட்டைக் கண்ணாலேயே பார்க்கலாம். இழுவை வண்டி விமானத்தைப் பின்னுக்குத் தள்ளும்போது, முன்சக்கரத்தைக் கேப்டன் திருப்ப முடியாதபடி பல வகை விமானங்களில் ஒரு ஊசியைச் செருகிவைக்கிறார்கள். அப்போது விமானத்தைத் திருப்புபவர் வண்டி ஓட்டுநர்தான். வேலை முடிந்ததும் தரைப் பணியாளர் ஊசியைப் பிடுங்கி, அதில் தொங்கும் சிவப்பு நாடா தெரியும்படி காக்பிட்டை நோக்கி உயர்த்திக் காட்டுவார். கேப்டன் கையசைத்த பிறகே விமானம் நகரும்.

பயணிகள் விஷயத்தில்தான் கோடு அடிக்கடி அழிகிறது. 2017இல் இந்திய விமானப் போக்குவரத்து இயக்குநரகமான டிஜிசிஏ வகுத்த விதிப்படி, ஒழுங்கீனமாக நடந்த பயணியைப் பற்றிய புகார் கேப்டனிடமிருந்து வரவேண்டும். தடை விதிப்பது நிறுவனத்தின் குழு. 2020 ஜனவரியில் மும்பை–லக்னோ இண்டிகோ விமானத்தில் ஒரு நகைச்சுவைக் கலைஞர் தொலைக்காட்சி நெறியாளர் ஒருவரை வம்புக்கு இழுத்தார். நிறுவனம் அவருக்கு ஆறு மாதத் தடை விதித்தது. அந்த விமானத்தின் கேப்டனோ, நடந்தது புகார் அளிக்கத்தக்கதே அல்ல, என்னைக் கேட்காமல் சமூக ஊடகப் பதிவுகளை வைத்து எப்படித் தடை விதித்தீர்கள் என்று நிறுவனத்துக்கே எழுதினார். பின்னர் குழு தடையை மூன்று மாதமாகக் குறைத்தது. விமானத்தில் இருந்தவரை விட்டுவிட்டு அலுவலகத்தில் இருந்தவர்கள் முடிவெடுத்தது முறையல்ல என்பதில் ஐயமில்லை. 2022 மே மாதம் ராஞ்சியில் மாற்றுத்திறனாளிச் சிறுவன் ஒருவனைத் தரைப் பணியாளர்களே ஏற்ற மறுத்தனர். அதற்கு அதே நிறுவனம் 5 லட்சம் ரூபாய் அபராதம் கட்டியது. அதன்பின், பயணியின் உடல்நிலை மோசமாகலாம் என்று கருதினால் மருத்துவரைக் கொண்டு நேரில் பரிசோதித்த பிறகே முடிவெடுக்க வேண்டும் என்று விதி திருத்தப்பட்டது.

யாருடைய வேலை என்பது தெளிவாக இல்லாவிட்டால் நேரும் ஆபத்துக்கு 1983 ஜூலை 23 அன்று கனடாவில் நடந்தது நல்ல சான்று. ஏர் கனடாவின் போயிங் 767க்கு எரிபொருள் கணக்கிட்டபோது கிலோவுக்குப் பதில் பவுண்டுக்கான எண் பயன்படுத்தப்பட்டது. முன்பு இந்தக் கணக்கைப் பார்த்துவந்த விமானப் பொறியாளரின் இருக்கை இந்தப் புதுரக விமானத்தில் இல்லை. அவர் வேலை யாருக்குப் போனது என்பதும் தெளிவாக இல்லை. நடுவானில் எரிபொருள் தீர்ந்து, விமானம் கிம்லியில் சறுக்கியே தரையிறங்கியது. அனைவரும் பிழைத்தனர்.

1989 மார்ச் 10 அன்று அதே நாட்டின் டிரைடனில் அந்த அதிர்ஷ்டம் வாய்க்கவில்லை. எடை கூடியதால் சில பயணிகளை இறக்கிவிடலாம் என்று ஏர் ஒன்டாரியோ கேப்டன் நினைத்தார். நிறுவனத்தின் கட்டுப்பாட்டு அறை எரிபொருளை இறக்கச் சொன்னது. அதனால் நேரம் போனது, டிரைடனில் மீண்டும் எரிபொருள் நிரப்ப வேண்டியதாயிற்று. துணை மின்பொறி பழுது. அங்கே நிறுத்திய எஞ்சினை மறுபடி இயக்கும் வசதியும் இல்லை. ஆகவே ஒரு எஞ்சின் ஓடிக்கொண்டே இருந்தது. எஞ்சின் ஓடும்போது அந்த விமானத்தின் இறக்கையில் பனி நீக்கக் கூடாது என்று விதி இருந்தது. பனி படிந்த இறக்கையோடு கிளம்பிய விமானம் விழுந்து, 69 பேரில் 24 பேர் இறந்தனர். கேப்டனை மட்டும் குறைசொல்லி முடித்துவிடாமல், நிறுவனத்தையும் கண்காணிப்பு அமைப்பையும் சேர்த்து ஆராய்ந்தது நீதிபதி மோஷான்ஸ்கி ஆணையம்.

மறுக்கும் அதிகாரம் தரையில் உள்ளவருக்கும் உண்டா என்பது இன்னும் தீராத வழக்கு. 2016 நவம்பர் 28 அன்று பொலிவியாவிலிருந்து கொலம்பியா கிளம்பிய லாமியா விமானத்தின் திட்டத்தில் பயண நேரமும் எரிபொருள் தாங்கும் நேரமும் ஒன்றாகவே, 4 மணி 22 நிமிடம் என்று இருந்தன. விமான நிலைய அதிகாரி ஒருவர் அதைச் சுட்டிக்காட்டினார்; திட்டம் மாறவில்லை. எரிபொருள் தீர்ந்து விமானம் மெடெலின் அருகே விழுந்ததில் 71 பேர் இறந்தனர். தடுக்கத் தவறியதாக அந்த அதிகாரி மீது பொலிவியாவில் வழக்குத் தொடரப்பட்டது. விமானத்தைத் தடுக்கும் அதிகாரமே தமக்கு இல்லை என்பது அவருடைய வாதம்.