ஐபிஎம் கணினி: தளம் அமைத்தவரும் பயன் பெற்றவரும்

சந்தையைத் தோற்றுவிக்கின்றவர் அங்கு விற்பனையாகும் பொருள் அனைத்தையும் தாமே விளைவிக்க வேண்டியதில்லை. இடம் வகுத்து, வழி திறந்து, அளவைகளைப் பொதுவாக்கிவிட்டால் வணிகர் தாமே வந்து கூடுவர். தொழில்நுட்ப உலகில் இத்தகைய சந்தைத் திடலைத் ‘தளம்’ என்பர். ஒருவர் அமைத்த தளத்தின்மேல் பிறர் பொருள் செய்து விற்பர். அப்பொருள்கள் பெருகப் பெருகத் தளத்தின் மதிப்பும் பெருகும். ஆயினும் திடலை அமைத்தவருக்கே அதன் பயன் முழுவதும் சேரும் என்பதற்கு உறுதியில்லை. 1981ஆம் ஆண்டு ஆகஸ்டு 12ஆம் நாள் ஐபிஎம் நிறுவனம் வெளியிட்ட தனியாள் கணினியின் வரலாறு இதற்குத் தக்க சான்றாகும்.

பெருங்கணினித் தொழிலில் அந்நிறுவனம் அக்காலத்தில் முடிசூடா மன்னனாக விளங்கியது. 1964இல் அது அறிமுகப்படுத்திய ‘சிஸ்டம் 360’ கணினிகள், சிறியதில் எழுதிய மென்பொருள் பெரியதிலும் இயங்கும் வண்ணம் ஒரே குடும்பமாக வடிவமைக்கப்பெற்றவை. அதற்கு முன்னர்க் கணினியை மாற்றினால் மென்பொருளையும் புதிதாக எழுத வேண்டியிருந்தது. ஆனால் அக்கணினிகளின் உறுப்புகளைப் பெரும்பாலும் ஐபிஎம் தானே செய்தது. எல்லாம் தன் கையிலேயே இருக்க வேண்டும் என்பது அதன் மரபு.

அம்மரபுக்குச் சோதனை சிறு கணினிகளின் வடிவில் வந்தது. 1979இல் ஆப்பிள் கணினிக்கென ‘விசிகால்க்’ என்னும் கணக்கு விரிதாள் மென்பொருள் வெளிவந்ததும், கணக்கர்களும் வணிகர்களும் அதற்காகவே அக்கணினியை வாங்கத் தலைப்பட்டனர். பொருளுக்காகத் திடலைத் தேடி வரும் கூட்டம் அன்றே தொடங்கிவிட்டது. ஐபிஎம் தன் வழக்கமான முறையில் இதற்கு மறுமொழி கூறப் பல ஆண்டுகள் பிடித்திருக்கும். எனவே புளோரிடா மாநிலத்துப் போகா ரேட்டன் நகரில் ஒரு சிறு குழுவை அமர்த்தி, ஓராண்டுக்குள் கணினியைச் செய்து முடிக்குமாறு பணித்தது. குழுவின் தலைமை டான் எஸ்ட்ரிட்ஜிடம் வந்தது.

ஓராண்டில் முடிக்க வேண்டுமாயின் உறுப்புகளை வெளியில் வாங்குவதே வழி. மூளையாகிய சில்லு இன்டெல் நிறுவனத்தினுடையது. இயக்க முறைமை மைக்ரோசாப்ட் நிறுவனத்தினுடையது. பிறர் செய்யும் துணைக் கருவிகளைப் பொருத்தச் செருகுவாய்களும் அமைக்கப்பெற்றன. மின்சுற்றுப் படங்களும், கணினியை எழுப்பி இயக்கும் ‘பயாஸ்’ என்னும் அடிப்படை நிரலும் கையேட்டில் அச்சிடப்பெற்றே விற்பனைக்கு வந்தன. இதனைப் பெருந்தன்மை என்று போற்றுவோர் உளர். அவசரம் என்று கூறுவதே பொருத்தம்.

மைக்ரோசாப்டின் செயல் ஈண்டு ஊன்றி நோக்கத்தக்கது. அதனிடம் அப்போது ஏற்ற இயக்க முறைமை இல்லை. சியாட்டில் நகரத்துச் சிறு நிறுவனம் ஒன்று செய்திருந்த முறைமையின் முழு உரிமையையும் 1981 ஜூலையில் 50,000 டாலருக்கு வாங்கிக்கொண்டது. அதனை ஐபிஎம்முக்கு வழங்கியபோது, பிறருக்கும் விற்கும் உரிமையைத் தன்னிடமே நிறுத்திக்கொண்டது. அந்நாளில் ஐபிஎம்மைத் தவிர அதனை வாங்குவார் பலர் இல்லாமையால், இவ்வுரிமையின் அருமையை எவரும் பெரிதாக எண்ணவில்லை போலும்.

வாங்குவார் விரைவிலேயே வந்தனர். டெக்சஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸ் நிறுவனத்தை விட்டு விலகிய மூவர் 1982இல் ஹியூஸ்டன் நகரில் காம்பேக் நிறுவனத்தைத் தொடங்கினர். கணினியின் முதல் வடிவத்தை உணவகம் ஒன்றின் மேசைத்தாளில் வரைந்தனர் என்பர். உறுப்புகள் எல்லாம் கடைச்சரக்கு. பயாஸ் ஒன்றே ஐபிஎம்மின் பதிப்புரிமைக்கு உட்பட்டது. அதனைப் படித்த குழுவினர், அது என்ன செய்கிறது என்பதை மட்டும் எழுதித் தந்தனர். அதனைக் கண்ணாலும் காணாத வேறொரு குழுவினர் அவ்வேலையைச் செய்யும் நிரலைப் புதிதாக எழுதினர். சட்டத்தில் இதற்குத் தடையில்லை. 1983இல் காம்பேக் ஏறத்தாழ 53,000 கணினிகளை விற்றது. மறு ஆண்டு பீனிக்ஸ் நிறுவனம் இவ்வாறே பயாஸ் எழுதி எவர்க்கும் விற்கத் தொடங்கவே, தைவான் முதலிய நாடுகளின் தொழிற்கூடங்களுக்கும் வாயில் திறந்தது.

அப்போது கடைக்காரர்கள் ஓர் எளிய சோதனை வைத்திருந்தனர். 1983 ஜனவரியில் வெளிவந்த ‘லோட்டஸ் 1-2-3’ விரிதாள், விரைவு கருதி ஐபிஎம் கணினியின் வன்பொருளோடு நேரே உறவாடுமாறு எழுதப்பெற்றது. அம்மென்பொருள் இயங்கினால் நல்ல கணினி; இயங்காவிடில் எத்துணைச் சிறப்புடையதாயினும் விலைபோகாது. புதுமை செய்வோர்க்கு இதனால் ஒரு விலங்கும் பூட்டப்பெற்றது. 1981இல் வகுத்த நினைவக அமைப்பில் மென்பொருளுக்கு ஒதுக்கப்பட்டது 640 கிலோபைட் மட்டுமே. பின்னர் நினைவகம் மலிந்தபோதும், பழைய மென்பொருளைக் கைவிட இயலாமல், மென்பொருள் எழுதுவோர் ஆண்டுக்கணக்கில் அவ்வெல்லையைச் சுற்றிவர வழி தேடிக்கொண்டிருந்தனர். பொதுத்தளம் புதுமைக்கு உரமாவதுபோல் வேலியாவதும் உண்டு.

1986 செப்டம்பரில் இன்டெல்லின் புதிய 386 சில்லைக் கொண்ட கணினியை, ஐபிஎம்முக்கு முன்னரே காம்பேக் வெளியிட்டது. வழிகாட்டும் பொறுப்பு கைமாறிவிட்டதை அந்நிகழ்ச்சி காட்டியது. ஐபிஎம் விழித்துக்கொண்டு, 1987 ஏப்ரலில் பிஎஸ்/2 வரிசையை வெளியிட்டது. அதன் ‘மைக்ரோ சேனல்’ அமைப்பு தொழில்நுட்பத்தில் மேலானதே. எனினும் பழைய துணையட்டைகள் அதில் பொருந்தவில்லை. அதனைப் பின்பற்ற விரும்புவோர் உரிமைத்தொகை செலுத்த வேண்டும் என்றும் விதிக்கப்பெற்றது. குடியேறியவர்கள் வாடகை தர மறுத்தனர். 1988 செப்டம்பரில் காம்பேக் உள்ளிட்ட ஒன்பது நிறுவனங்கள் ஒன்றுகூடி, பழைய அட்டைகளும் பொருந்தும் மாற்று அமைப்பை அறிவித்தன. சிறந்த பொறியியல் தோற்றது; பழக்கப்பட்ட தளமே வென்றது.

இவ்வலையின் ஒரு முனை மலேசியாவிலும் இருந்தது. இன்டெல் தன் முதல் வெளிநாட்டுத் தொழிற்கூடத்தை 1972இலேயே பினாங்கில் நிறுவியிருந்தது. 1985இல் முத்து நெடுமாறன் ‘முரசு’ என்னும் தமிழ் மென்பொருளை உருவாக்கியதும் இந்நாட்டிலேதான். கணினியில் தமிழ் எழுத்தைக் கொணர, ஐபிஎம்மிடம் எவரும் அனுமதி கேட்க வேண்டியிருக்கவில்லை.

2004 டிசம்பரில் ஐபிஎம் தன் தனியாள் கணினித் தொழிலைச் சீனாவின் லெனோவோ நிறுவனத்திற்கு 125 கோடி டாலருக்கு விற்க உடன்பட்டது. மறு ஆண்டு மே மாதம் விற்பனை நிறைவேறியது. அப்பொழுது அதன் மடிக்கணினிகளில் இன்டெல்லின் வில்லையும் மைக்ரோசாப்டின் வில்லையும் ஒட்டப்பட்டிருந்தன.