வயித்துவலி நாடகமா?

"ஸ்கூலுக்கு மட்டம் போட வயித்துவலி நாடகம்!" சின்ன வயசுல நான் அடிக்கடி கேட்ட வசனம். நீங்களும் கேட்டிருப்பீங்க.

1958-ல இங்கிலாந்தின் பிரிஸ்டலைச் சேர்ந்த குழந்தை மருத்துவர் ஜான் ஆப்லி, நெய்ஷ் என்பவரோடு சேர்ந்து 1,000 பள்ளிக் குழந்தைகளை ஆராய்ந்த முடிவுகளை வெளியிட்டார். பத்துல ஒருத்தருக்கு, அன்றாட வேலையைக் கெடுக்கிற அளவுக்கு வலி திரும்பத் திரும்ப வந்திருக்கு. அவர் பரிசோதிச்ச பெரும்பாலானவங்களுக்கு உடல்ல நோய் எதுவும் சிக்கல. மனக்கவலையைக் கைகாட்டினார், ஆனா வலி பொய்னு சொல்லல.

குடலுக்குத் தனி நரம்பு மண்டலம் உண்டுன்னு 1921-லயே லாங்லி எழுதியிருந்தார். ரெண்டும் பின்னாடிதான் இணைஞ்சது: சில குழந்தைகளுக்குக் குடல்ல சாதாரண வாயு சேர்ந்தாக்கூட நரம்புகள் அதை மூளைக்கு வலியா சொல்லுது. பயந்தா இன்னும் கூடும்.

ஸ்கேன்ல தெரியலைங்கிறதால வலி இல்லைன்னு ஆகாது. முதல்ல குழந்தையை நம்புங்க.