ஒரு வட்டு, பல இயங்குதளங்கள்: புனேயிலிருந்து ஒரு வரலாற்றுக் குறிப்பு

பல இயங்குதளங்களை நிறுவவல்ல புற வட்டு ஒன்றை இன்று அரைமணி நேரத்தில் ஆயத்தம் செய்துவிடலாம். வென்டாய் என்னும் கட்டற்ற மென்பொருளை வட்டில் ஒருமுறை நிறுவவேண்டும். அப்போது வட்டில் இருப்பவை அழிந்துவிடும் என்பதால் முன்னரே நகல் எடுத்துக்கொள்வது நல்லது. பின்னர் உபுண்டு, டெபியன், பாஸ், விண்டோஸ் ஆகியவற்றின் ஐஎஸ்ஓ கோப்புகளை மற்றக் கோப்புகளைப் போலவே அதில் இட்டுவைத்தால் போதும். கணினியை அவ்வட்டிலிருந்து தொடங்கும்போது அக்கோப்புகளின் பட்டியல் திரையில் விரியும்; வேண்டியதைத் தேர்ந்துகொள்ளலாம்.

இந்த எளிமைக்குப் பின்னால் நாற்பதாண்டு வரலாறு இருக்கிறது. ஒன்றுக்கொன்று அயலான பல அமைப்புகள் ஒரே கலத்தில் எவ்வாறு உடனுறைய முடியும் என்பதே அவ்வரலாற்றின் மையக் கேள்வி. இதே கேள்வியை இந்திய மொழிகளின் பொருட்டு எதிர்கொண்ட நகரம் புனே. ஆகவே இரண்டையும் ஒருங்கே வைத்துப் பார்க்க விரும்புகிறேன்.

1983இல் வெளிவந்த பிசி டாஸ் 2.0 வன்தட்டுக்கு ஓர் ஒழுங்கை வகுத்தது. வட்டின் முதல் 512 பைட்டுகளில் 446 பைட்டுகள் தொடக்க நிரலுக்கு உரியவை. 64 பைட்டுகள் நான்கு பகுதிகளைப் பற்றிய அட்டவணைக்கு. எஞ்சிய 2 பைட்டுகள் அடையாளக் குறி. கணினியின் பயாஸ் அந்த அடையாளக் குறியைக் கண்டதும் கட்டுப்பாட்டை அந்நிரலிடம் ஒப்படைத்துவிடும். வரப்போவது எந்த இயங்குதளம், யார் எழுதியது என்று அது கேட்பதில்லை. இந்தக் கேளாமைதான் பல இயங்குதளங்களுக்கு இடம் தந்தது.

ஆனால் ஒவ்வோர் இயங்குதளமும் தனக்கென ஒரு தொடக்க முறையை வைத்திருந்தது. 1995இல் எரிக் போலின், குனூ ஹர்டு இயங்குதளத்தைத் தொடங்கும் முயற்சியினூடே 'மல்டிபூட்' என்னும் பொது வரையறை உருவாவதில் பங்கெடுத்தார். அதற்கு இசைந்த துவக்கியாகக் கிரப் பிறந்தது. அதே ஆண்டு வெளியான 'எல் டொரிட்டோ' வரையறை குறுவட்டிலிருந்து கணினியைத் தொடங்க வழிசெய்தது. 2000ஆம் ஆண்டில் யூஎஸ்பி நினைவகங்கள் விற்பனைக்கு வந்தன. 2020இல் வந்த வென்டாய், இவ்வரையறைகள் இட்ட அடித்தளத்தின்மீது நிற்கிறது.

இனிப் புனே. 1988இல் இங்கே சி-டாக் நிறுவப்பட்டபோது, கான்பூர் ஐஐடியில் வளர்ந்த ஜிஸ்ட் தொழில்நுட்பம் அதனுடன் இணைந்தது. ஆங்கிலத்துக்கென வடிவமைக்கப்பட்ட கணினியில் பிராமி வழிவந்த எழுத்துமுறைகள் அனைத்தையும் குடியமர்த்துவதே அக்குழுவின் பணி. இரண்டு விடைகள் கிடைத்தன. ஒன்று, தாய்ப்பலகையில் செருகப்படும் ஜிஸ்ட் அட்டை. ஆங்கில டாஸ் மென்பொருள்களிலேயே இந்திய எழுத்துகளைத் தட்டவும் காணவும் அது உதவியது. மற்றொன்று இஸ்கி என்னும் குறியீட்டு முறை. இந்தியத் தர நிர்ணய அமைவனம் 1991இல் அதனை ஐஎஸ் 13194 என்னும் தரமாக வெளியிட்டது.

மொழியியலாளருக்கு இஸ்கியின் அமைப்பு சுவையானது. தமிழ்க் ககரத்துக்கும் தேவநாகரிக் ககரத்துக்கும் வங்கக் ககரத்துக்கும் அதில் ஒரே எண். எந்த எழுத்தில் காட்டவேண்டும் என்பதை ஒரு தனிக் குறி அறிவிக்கும். பொதுவான உள்ளீடு, மேலே ஒரு தேர்வுக் குறி: கிரப்பின் பட்டியலுக்கும் இதற்கும் உள்ள உறவு வெறும் உவமையன்று; சிக்கல் ஒன்றாதலின் தீர்வும் ஒத்தமைந்தது. பொது ஒழுங்குக்குத் தமிழ் ஒரு விலையும் கொடுத்தது. ஒருங்குறியின் தமிழ்ப் பகுதியில் ககரத்துக்கும் ஙகரத்துக்கும் இடையே காணப்படும் வெற்றிடங்கள் இஸ்கியின் வழி வந்தவை. மறுபுறம், தேவநாகரிப் பகுதியில் ழகரத்துக்கும் றகரத்துக்கும் இடம் இருப்பதும் அதே மரபின் கொடைதான்.

ஜிஸ்ட் அட்டை இன்று இல்லை. அதனைச் செருகும் துளை தாய்ப்பலகையிலிருந்து மறைந்ததும் அதன் காலம் முடிந்தது. இஸ்கியோ, 1991இல் வெளிவந்த ஒருங்குறிக்குள் புகுந்து உயிர்வாழ்கிறது. கருவி அழிந்தது, வெளியிடப்பட்ட வரையறை நிலைத்தது. எழுத்துருவோடு பிணைந்த பழைய குறியீடுகளில் தட்டச்சு செய்யப்பட்ட தரவுகளைத் திறந்து பார்த்த ஆய்வாளர்கள் இவ்வேறுபாட்டின் எடையை அறிவர். குறியீட்டு அட்டவணை கிடைத்தால் அத்தரவை மீட்கலாம். கிடைக்காவிட்டால் திரையில் எஞ்சுவது பொருளற்ற இலத்தீன் எழுத்துகளே.

இப்பின்னணியில்தான் இன்றைய மாற்றத்தைக் கவனிக்கவேண்டும். 2012இல் விண்டோஸ் 8 வந்தபின் 'செக்யூர் பூட்' பரவலாயிற்று. நிலைபொருள் இப்போது கேள்வி கேட்கிறது: தொடங்கவிருக்கும் நிரலில் தான் நம்பும் கையொப்பம் உண்டா? தீநிரல்களைத் தடுக்க இது தேவையே, ஐயமில்லை. ஆயினும் பெரும்பாலான கணினிகளில் ஆலையிலேயே பதியப்படும் திறவுகோல் மைக்ரோசாஃப்டினுடையது. லினக்ஸ் வழங்கல்கள் பலவும் 'ஷிம்' என்னும் சிறு நிரலுக்கு அந்நிறுவனத்தின் கையொப்பம் பெற்றே தொடங்குகின்றன. செக்யூர் பூட் இயங்கும் கணினியில் வென்டாய் வட்டைப் பயன்படுத்துவோர் அதன் சான்றிதழை ஒருமுறை பதிவு செய்யவேண்டும். அந்தப் பதிவுரிமை பயனரிடம் இருக்கும்வரை பல இயங்குதள வட்டு வாழும். அவ்வுரிமை ஒரு கணினியில் அகற்றப்பட்டால், வட்டு எவ்வளவு நன்றாக அமைந்திருந்தாலும் அங்கே பயனில்லை.

எனவே மொழித்தரவு சேகரிக்கும் மாணவர்களுக்கு மூன்று பரிந்துரைகள். இறக்கிய ஐஎஸ்ஓ கோப்பின் சரிபார்ப்பு எண்ணை ஒப்பிட்டபின்பே வட்டில் சேருங்கள். பல புதிய கணினிகளில் பழைய பயாஸ் முறையே இல்லாததால், பழைய விண்டோசை நேரடியாக நிறுவ முயலாமல் மெய்நிகர் கணினியில் இயக்குங்கள். மூன்றாவதே முதன்மையானது: தரவு எந்தக் குறியீட்டில் உள்ளது என்னும் விளக்கத்தையும் அதன் அட்டவணையையும் தரவுடனேயே வையுங்கள். இயங்குதளத்தை நாளை மீண்டும் இறக்கிக்கொள்ளலாம். களப்பணியில் பதிந்த ஒரு முதியவரின் சொல்லை எந்தத் தளத்திலிருந்தும் இறக்க முடியாது.