குடிநோய்ச் சிகிச்சையில் குடும்பம்

குடிநோய்ச் சிகிச்சையில் குடும்பம் என்பது, குடிநோயாளி ஒருவரைச் சிகிச்சைக்கு இணங்கச் செய்வதிலும் மீண்ட நிலையில் அவரை நிலைக்கச் செய்வதிலும் குடும்பத்தினர் ஆற்றும் பங்கைக் குறிக்கும். மனைவியின் அல்லது தாயின் குறையால்தான் ஒருவர் குடிக்கிறார் என்ற பரவலான கருத்தை இத்துறை ஏற்பதில்லை. ஆயினும் குடும்பத்தினர் பேசும் முறையும் நடந்துகொள்ளும் முறையும் நோயாளி சிகிச்சைக்கு வருவதை விரைவுபடுத்தக்கூடியவை என ஆய்வுகள் காட்டுகின்றன.

வரலாறு

குடிப்பழக்கத்திலிருந்து மீள விரும்புவோருக்கான ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ் அமைப்பு 1935-இல் அமெரிக்காவில் தோன்றியது. அதன் நிறுவனர்களுள் ஒருவரான பில் வில்சனின் மனைவி லோயிஸ் வில்சன், குடிநோயாளரின் உறவினர்களுக்கும் உதவி தேவை என்பதை உணர்ந்து 1951-இல் அல்-அனான் அமைப்பைத் தொடங்கினார். உறவினர் நோயை உண்டாக்கவில்லை, அதைக் கட்டுப்படுத்தவோ குணப்படுத்தவோ அவரால் இயலாது என்பது அல்-அனானின் அடிப்படைக் கருத்தாகும்.

வெர்னன் ஜான்சன் என்ற பாதிரியார் வேறொரு முறையைப் பரப்பினார். இதில் குடும்பத்தினரும் நண்பர்களும் ஒன்றுகூடி, குடியால் நேர்ந்தவற்றை நோயாளியின் முன் எடுத்துரைத்துச் சிகிச்சைக்குச் செல்லுமாறு வலியுறுத்துவர்.

மூன்றாவது முறை, ராபர்ட் மேயர்ஸ் நியூ மெக்சிகோ பல்கலைக்கழகத்தில் வளர்த்தெடுத்த 'கிராஃப்ட்' எனப்படும் குடும்பப் பயிற்சியாகும். 1999-இல் வெளியான ஆய்வொன்றில் 130 உறவினர்கள் இம்மூன்று முறைகளுள் ஒன்றில் சேர்க்கப்பட்டனர். சிகிச்சைக்கு வந்த நோயாளிகள் கிராஃப்ட் முறையில் 64 விழுக்காட்டினர். ஜான்சன் முறையில் 30. அல்-அனான் வழியில் 13. நோயாளியை அழைத்து வருவது அல்-அனானின் நோக்கமன்று என்பதை இங்குக் கருத்தில் கொள்ள வேண்டும். ஜான்சன் முறையிலோ, பெரும்பாலான குடும்பங்கள் நேருக்கு நேர் பேசும் கட்டத்துக்கே செல்லவில்லை. உறவினரின் சொந்த மனச்சோர்வும் கோபமும் மூன்று முறைகளிலும் குறைந்தன.

தமிழ்நாட்டில், கணவரைக் குடிநோய்க்குப் பறிகொடுத்த சாந்தி ரங்கநாதன் 1980-இல் சென்னையில் டி. டி. ரங்கநாதன் மருத்துவ ஆய்வு நிறுவனத்தை நிறுவினார். டி. டி. கே. மருத்துவமனை என அறியப்படும் இதன் சிகிச்சையில் குடும்பத்தினருக்கான பயிற்சியும் அடங்கும். 1992-இல் இவருக்குப் பத்மசிறீ விருது வழங்கப்பட்டது.

குடும்பப் பயிற்சியின் நடைமுறை

நோயாளி எப்போது, எங்கே, யாருடன் குடிக்கிறார், குடிக்குமுன் என்ன நிகழ்கிறது என்பவற்றைக் கவனிப்பதே முதற்படி. குடிக்காத நேரங்களை இனிமையாக்குவது அடுத்தது. குடிக்காமல் வீடு திரும்பிய மாலையில் உடன் அமர்ந்து உண்பதும் பேசுவதும் போன்ற எளிய செயல்களே இதற்குப் போதும். குடித்து வந்த இரவில் வாதிடாமல், அவர் பாதுகாப்பாக இருப்பதை மட்டும் உறுதிசெய்துவிட்டு விலகிக்கொள்ள வேண்டும். போதையில் இருப்பவருக்குக் கூறும் அறிவுரை மறுநாள் அவர் நினைவில் இராது.

மிகக் கடினமானது, குடியின் விளைவுகளை மறைக்காதிருத்தல். கணவருக்குக் காய்ச்சல் என்று அலுவலகத்துக்குப் பொய் சொல்வதும், மதுக்கடனை நகை அடகு வைத்து அடைப்பதும் அன்பினால் செய்யப்படுபவை. ஆனால் குடியின் விலையை நோயாளி உணராதபடி அவை செய்துவிடுகின்றன. எனினும் பிள்ளைகளின் உணவையோ படிப்பையோ பாதிக்கும் இடத்தில் இவ்விதியைக் கண்மூடிப் பின்பற்றுதல் தகாது. வன்முறை நிகழும் வீட்டில் பாதுகாப்பே முதன்மை பெறும். இந்தியாவில் 2005-ஆம் ஆண்டின் குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டம் பெண்களுக்குப் பாதுகாப்பு ஆணை பெற வழி செய்கிறது.

சிகிச்சைக்கான இணக்கம் பெரும்பாலும் சிறிது நேரமே நீடிக்கும். குடித்த மறுநாள் வருந்தும் பொழுதில் அது தோன்றலாம். ஆகவே மருத்துவமனையை முன்கூட்டியே விசாரித்து வைத்திருத்தல் நன்று.

தவிர்க்க வேண்டியவை

குடிப்பவருக்குத் தெரியாமல் உணவில் மருந்து கலந்து கொடுக்கும் வழக்கம் தீங்கானது. டைசல்பிராம் என்ற மருந்து உடலில் இருக்கும்போது மது அருந்தினால் முகச்சிவப்பு, வாந்தி, நெஞ்சுவலி, இரத்த அழுத்த வீழ்ச்சி ஆகியன ஏற்படும்; சிலவேளை உயிரிழப்பும் நேரலாம். எனவே நோயாளியின் அறிவுடனும் இசைவுடனும் மருத்துவர் மேற்பார்வையிலேயே இது தரப்பட வேண்டும்.

அறையில் அடைத்துக் குடியை நிறுத்தச் செய்வதும் ஆபத்தானது. நெடுநாள் மிகுதியாகக் குடித்தவர் திடீரென நிறுத்தினால் நடுக்கம், வலிப்பு ஆகியன தோன்றலாம். இரண்டு முதல் நான்கு நாட்களில் மனக்குழப்பமும் இல்லாதவற்றைக் காணும் பிரமையும் ஏற்படலாம். இந்நிலையில் உடனே மருத்துவமனையில் சேர்க்க வேண்டும்.